நல்ல அண்டைவீட்டான்

எலியெத்தை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பெயரைச் சொன்னால் யோசிப்பார்கள். 'கவிஞரோட அவங்க' என்றால் உடனே புரிந்துகொள்வார்கள். துலூஸில் ஆற்றுக்கு இந்தக் கரை, சான் சிப்ரியான். இங்கே ரொட்டிக்கடை வரிசையில் அவள் வந்து நின்றால் முன்னால் நிற்பவள் ஒதுங்கி வழிவிடுவாள். ஒரு மனிதன் நாற்பது வருஷமாக ஒரே பெண்ணை நினைத்துக் கவிதை எழுதுகிறான் என்றால் அந்தப் பெண்ணுக்கு ரொட்டியாவது முதலில் கிடைக்கட்டும் என்று ஊர் நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். இனி எல்லோரையும் திட்டப்போகிறேன் என்பதால் இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

என் பெயர் ரெழின். நகர ஓபராவின் கோரஸில் முப்பத்தொரு வருஷம் கீழ்க்குரல் பாடினேன். அதில் பாதிக் காலம் சங்கத்துக்காகச் சண்டையும் போட்டேன். எலியெத்தும் நானும் ஒரே தெருவில் பிறந்து, ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சைத் தேய்த்தவர்கள். அவளுடைய அப்பா கசோ, சுவர்பூச்சு வேலைக்காரர். மூன்று வயது மூத்த அண்ணன் ரேமி விமானத் தொழிற்சாலையில் இருந்தான். எலியெத் ஒல்லி, நீளக் கழுத்து. சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வாள். பாடும்போது மட்டும் வாயை நன்றாகத் திறப்பாள். அவளுடைய உச்சக் குரலுக்கு நான் பொறாமைப்பட்டிருக்கிறேன், இன்றைக்கும் படுகிறேன்.

அறுபத்தொன்றில் அவர்கள் வீட்டுக்கு எதிர்மாடியில் நோர்பேர் லகாம் குடிவந்தார். இருபத்திரண்டு வயது. லத்தீன் வாத்தியார் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தார். அவர் இவர் என்று மரியாதை போட்டு எழுதுவது எலியெத்துக்காக. எனக்குள் நான் வேறு மாதிரிதான் கூப்பிடுகிறேன். உப்பு கேட்டு வருவார், இஸ்திரிப் பெட்டி கேட்டு வருவார், ஞாயிற்றுக்கிழமை மதியம் சும்மாவே வருவார். 'புள்ள சாப்பிடாம படிக்குது' என்று எலியெத்தின் அம்மா அவருக்கும் ஒரு தட்டு வைத்துவிடுவாள். அறுபத்தைந்தில் அவருடைய முதல் கவிதைப் புத்தகம் வந்தது. எங்கள் ஊர்ப் பழைய பேச்சில் எழுதியது. அந்தப் பேச்சை நாங்கள் பேசினால் பள்ளிக்கூடத்தில் முழங்கால் போட வைப்பார்கள், வீட்டில் அம்மா வாயில் போடுவாள். அதில் புத்தகமா என்று தெருவே வாயைப் பிளந்தது. எல்லாப் பாட்டும் ஒரே ஆளைப் பார்த்துத்தான். அந்த ஆளுக்கு அவர் வைத்த பெயர் 'நல்ல அண்டைவீட்டான்'.

அண்டைவீட்டாள் இல்லை, அண்டைவீட்டான். இதில்தான் எல்லாம் இருக்கிறது. எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்தில் கோட்டை கோட்டையாகப் போய்ப் பாடிய பாட்டுக்காரர்கள் காதலியின் பெயரை வெளியே சொல்லமாட்டார்கள். மறைபெயர் வைப்பார்கள், அதுவும் பெரும்பாலும் ஆண்பாலில். 'என் பிரபு' என்பார்கள், 'அழகிய வீரன்' என்பார்கள். எல்லாம் அந்தச் சீமாட்டியைத்தான். இது எங்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தந்த விஷயம். இன்னொரு விதியும் உண்டு. அந்தச் சீமாட்டி தூரத்தில் இருக்க வேண்டும், கைக்கு எட்டக் கூடாது, கட்டிய மனைவியாக மட்டும் இருக்கவே கூடாது. மனைவியிடம் கேட்டால் கிடைத்துவிடும், கிடைத்துவிடுவதை எப்படிக் காதலிப்பது என்பது அவர்கள் கணக்கு.

அறுபத்தாறில் ரேமி வேலை தேடிக் கப்பலேறி மோன்ரியால் போனான். அடுத்த வருஷம் நோர்பேர் எலியெத்தைப் பெண் கேட்டார். நிச்சயமான அன்றைக்கே அவள் மூச்சிரைக்க என் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"கேட்டுட்டேன்டி, யாரு அந்த அண்டைவீட்டான்னு."

"என்ன சொன்னார்?"

"எதிர்வீட்டுல யாரு இருந்தாங்கன்னு உனக்குத் தெரியாதான்னு என்னையே திருப்பிக் கேட்டார்." சொல்லிவிட்டு வாயைக் கையால் மூடிக்கொண்டாள். கண்ணெல்லாம் சிரிப்பு.

கல்யாணத்துக்குப் பிறகும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. மறைபெயரும் மாறவில்லை. ஊர் கேலி செய்தது: "என்னம்மா, விதிப்படி பொண்டாட்டி சீமாட்டி ஆக முடியாதே?" எலியெத் தலையை நிமிர்த்திக்கொண்டு, "எல்லா விதிக்கும் விலக்கு உண்டு" என்பாள். அவள் அந்த விலக்காக இருந்தாள். அதுதான் அவளுடைய சொத்து, வேறு ஒன்றும் அவளிடம் இல்லை. இருந்ததையெல்லாம் அதற்காகவே கொடுத்திருந்தாள்.

என்ன கொடுத்தாள் என்று சொல்கிறேன். எழுபத்திரண்டில் நாங்கள் இருவரும் கோரஸில் சேர்ந்தோம். இரண்டே வருஷத்தில் இசைநடத்துநர் அவளைக் கூப்பிட்டு ஒரு சின்னப் பாத்திரம் கொடுத்தார். பணிப்பெண் வேஷம், பதினொரு வரி, தனிக்குரல். அந்த வாரமே அவள் வேலையை விட்டாள். ஏன்டி என்று நான் கத்தினேன்.

"உன் குரல் எல்லாருக்கும் கேட்டுட்டா அப்புறம் எனக்கு எது தூரமா இருக்கும்னு நோர்பேர் கேட்டார் ரெழின். அதுல ஒரு அர்த்தம் இருக்குல்ல?"

"இருக்கு. ராத்திரி உக்காந்து அவர் எழுதறதை டைப் அடிக்க ஆள் வேணும்னு அர்த்தம்."

ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பதினொரு நோட்டுப் புத்தகங்கள் டைப் அடித்தாள். குழந்தை இல்லை. மூன்று அறை வீட்டில் இரண்டு கட்டில், இரண்டு அறையில். ஒருமுறை நான் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன். அவள் எனக்குப் பாடம் எடுத்தாள்: தூரம்தான் அந்தக் காதலுக்கு உயிர், தொட்டால் அது சாதாரணமாகிவிடும், மற்றவர்கள் வீட்டில் நடப்பது மாதிரி ஆகிவிடும் என்று. மற்றவர்கள் என்றால் நான்தான், எனக்கு மூன்று பிள்ளைகள். கேட்டுக்கொண்டு சும்மா வந்துவிட்டேன். அவள் முகத்தில் அப்போது இருந்த பெருமையைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை.

எண்பத்திரண்டில் நகர நூலகத்தில் நோர்பேர் ஒரு கூட்டத்தில் பேசினார். முடிந்ததும் எங்கள் தெருக் கறிக்கடைக்காரர் தெல்மாஸ் எழுந்து நின்றார். நல்ல மனிதர், புத்தகம் படித்துப் பழக்கமில்லை.

"ஐயா, தப்பா நெனக்காதீங்க. இது ஆம்பளையா பொம்பளையா?"

கூடமே சிரித்தது. அப்படிச் சிரித்தோம். நோர்பேரும் பொறுமையாகச் சிரித்து, பழைய பாட்டுக்காரர்களின் வழக்கத்தை மறுபடி விளக்கினார். ஆண்பாலைப் பார்த்து ஆண் என்று நினைப்பது படிக்காதவர்கள் செய்யும் தவறு என்றார். தெல்மாஸ் காது சிவக்க உட்கார்ந்துவிட்டார். அந்தக் கூடத்தில் இருந்த நூற்றுச்சொச்சம் பேரில் சரியாகப் படித்த ஒரே ஆள் அவர்தான். நாங்களெல்லாம் படித்தவர்கள், அதனால் எழுதியிருந்ததைப் படிக்கவே இல்லை.

இரண்டாயிரத்து மூன்றில் அந்தப் பதினொரு நோட்டையும் ஓபராவாக்க லியோனிலிருந்து ஓர் இசையமைப்பாளர் வந்தார். கதை இவ்வளவுதான்: பழங்காலத்தில் ஒரு பாட்டுக்காரன், எதிர் ஜன்னலில் இருப்பவளைக் காதலிக்கிறான், ஆனால் தெருவைக் கடந்து போகமாட்டான். ஒருநாள் அவள் கடல் தாண்டிப் போய்விடுகிறாள். அவன் பாடியே செத்துப்போகிறான். இதற்கு இரண்டே கால் மணி நேரம். மெட்டு என்று ஒன்றும் கிடையாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அடியை எண்ணிக்கொண்டே நிற்க வேண்டும், திடீரென்று பதினேழாவது அடியில் எல்லோரும் 'ஆ' என்று அலற வேண்டும். கோரஸ்தான் அந்தத் தெரு ஜனங்கள். 'ஏன் அவன் கடக்கவில்லை, ஏன் அவன் கடக்கவில்லை' என்று நாற்பது பேர் நாற்பது விதமாகக் கேட்போம். எனக்கு ஓய்வு பெற இன்னும் சில மாதம்தான் இருந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டு, அதாவது வாயைத் திறந்து, பாடினேன்.

பழைய பேச்சின் உச்சரிப்பைச் சொல்லித்தர எலியெத்தைக் கூப்பிட்டார்கள். இருபத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு அவள் ஒத்திகைக் கூடத்துக்குள் காலெடுத்து வைத்தாள். வீட்டுச் செருப்பைப் பையில் கொண்டுவந்து மாட்டிக்கொண்டாள். எல்லோரும் அவளைச் சீமாட்டியைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். பாட்டுக்காரன் வேஷம் போட்ட இளைஞன் அவளைக் காணும்போதெல்லாம் குனிந்து வணங்குவான். அவளுக்கு அறுபது வயது, பள்ளிக்கூடப் பெண் மாதிரி கன்னம் சிவக்கும். அந்தச் சந்தோஷத்தில் மோன்ரியாலுக்குக் கடிதம் போட்டு, முதல் காட்சிக்கு வந்தே தீரவேண்டும் என்று அண்ணனையும் அழைத்திருந்தாள். ரேமி முப்பத்தெட்டு வருஷத்தில் இரண்டே தடவை ஊருக்கு வந்திருந்தான், இரண்டும் சாவுக்கு.

அடுத்த ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. காட்சி அமைப்பு தயாராகும் முன், ஒத்திகைத் தரையில் கலர் டேப் ஒட்டிச் சுவர் இங்கே, கதவு இங்கே என்று குறித்துக்கொள்வது எங்கள் வழக்கம். சுவருக்கு நீலம், ஜன்னலுக்கு மஞ்சள். இயக்குநர் அனூக், ஸ்ட்ராஸ்பூர்க்காரி, ஒட்ட வெட்டிய தலைமுடி, ரொம்ப மரியாதையான பெண். அவளுக்கு எங்கள் நிஜத் தெருவையே மேடையில் கொண்டுவர ஆசை. முதலில் நோர்பேரைத்தான் கேட்டாள். 'கவிதைக்கு விலாசம் கிடையாது' என்று சொல்லிவிட்டு அவர் காப்பி குடிக்கப் போய்விட்டார். அதனால் டேப் சுருளை எலியெத்தின் கையில் கொடுத்தாள்.

"தெரு எவ்வளவு அகலம் மதாம்?"

"நாலு எட்டு. என் கால்ல." நடந்து காட்டினாள். "இந்தப் பக்கம் அவர் ரூம். இங்க எங்க வாசக்கதவு. இது அடுப்படி. அப்பா இங்கதான் பூச்சு வாளிய வைப்பார், விழுந்து வாராம ஒருத்தரும் உள்ள போனதில்ல."

நாற்காலிகளில் காத்திருந்த நாங்கள் சிரித்தோம். எலியெத் முழங்கால் போட்டு நீல டேப்பை நீளமாக ஒட்டினாள்.

"ஒரு சந்தேகம்," என்றாள் அனூக், கையிலிருந்த பிரதியைப் புரட்டி. "மூணாவது பாட்டுல, விடியறதுக்கு முன்னாடி ஜன்னல்ல விளக்கு எரியுது, ரொட்டிக்காரனுக்கும் முன்னாடி அண்டைவீட்டான் எழுந்து போறான்னு வருது. நீங்க அவ்வளவு சீக்கிரம் எங்க போவீங்க?"

"நான் இல்ல, அது காலை ஷிஃப்டுக்கு நம்ம ரே..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள்.

அனூக் கவனிக்கவில்லை. "அப்புறம் கடல் தாண்டிப் போறது. நீங்க எங்க போயிருந்தீங்க?"

"நானா? நான் எங்கயும் போகலையே."

"சரி, அது கற்பனையா இருக்கும். இப்ப முக்கியமானது, அந்த ஜன்னல். உங்க ஜன்னல் எங்க வரும்?"

எலியெத் மஞ்சள் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு தான் வரைந்த வீட்டுக்குள் நின்றாள். அவளுடைய அறை கொல்லைப் பக்கம். ஜன்னலைத் திறந்தால் கோழிக்கூண்டும் பக்கத்து வீட்டுச் சுவரும்தான். தெருவைப் பார்த்த மாடி அறை ரேமியினுடையது. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ரேமி அப்படி அழகாக இருப்பான். பதினேழு வயதில் நான் அந்த ஜன்னலை அண்ணாந்து பார்க்காமல் ஒருநாளும் அந்தத் தெருவைக் கடந்ததில்லை. எதிர் ஜன்னலிலும் ஒரு தலை தெரியும், விளக்கும் எரியும். பாவம், வாத்தியார் விடிய விடியப் படிக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

அண்டைவீட்டான். அவர் மறைக்கவே இல்லை, பச்சையாக எழுதி அச்சடித்துக் கொடுத்திருந்தார்.

எலியெத் கூடத்தின் நடுவில் நின்றபடி என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தாள். நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன். அதிலிருந்தே அவளுக்கு உறுதியாகியிருக்கும். அப்புறம் குனிந்தாள். தெருப்பக்கச் சுவரில் மஞ்சள் டேப்பை ஒட்டினாள், விரலால் நன்றாக அழுத்தித் தேய்த்தாள்.

"இதுதான் என் ஜன்னல்," என்றாள்.

மறுநாள் மதியம் என் வீட்டு அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தாள். பீன்ஸும் வாத்துக் கறியும் சூடாக இருந்தது, வைத்தேன். தொடவில்லை. அழவும் இல்லை. முதல்நாள் வீட்டுக்குப் போனதும் நோர்பேரிடம் கேட்டிருக்கிறாள்.

"மறுத்தாரா?"

"மறுக்கல. அதான் ரெழின் தாங்கல. நான் என்னைக்காவது பொய் சொன்னேனான்னு கேக்கறார். அண்டைவீட்டான்னு எழுதினேன், நீதான் அண்டைவீட்டாள்னு படிச்சேங்கறார்."

"நிச்சயத்தன்னைக்குக் கேட்டியே?"

"எதிர்வீட்டுல யாரு இருந்தாங்கன்னு கேட்டார். ரேமியும்தானே இருந்தான். அதுவும் பொய் இல்லையாம்."

"ரேமிக்குத் தெரியுமா?"

"சத்தியமாத் தெரியாது. இவர் வாயே தொறக்கலையாம். பாத்துக்கிட்டே இருந்தாராம், அவ்வளவுதான். அவன் போனப்புறம், அவன் மூக்கு, அவன் சிரிப்பு, எல்லாம் கொஞ்சம் என்கிட்ட இருந்துச்சாம்." எலியெத் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். பதினொரு நோட்டு அடிச்சிருக்கேன், அதுல ஒரு பாட்டாவது எனக்கான்னு."

"என்ன சொன்னார்?"

"யோசிச்சார். நெஜமாவே யோசிச்சார். அப்புறம், பதினேழாவது பாட்டுல பக்கத்து ரூம்ல பாத்திரம் உருட்டற சத்தம் வருதுல்ல, அது நீதான்னார்."

நான் தட்டை எடுத்துக் கழுவுதொட்டியில் போட்டேன், உடைந்தது. எனக்கும் சில விஷயங்கள் தெரியும். அந்தக் காலத்தில் அப்படி ஒரு வாத்தியார் வாயைத் திறந்திருந்தால் பள்ளிக்கூடத்திலிருந்து மட்டுமல்ல, தெருவிலிருந்தே துரத்தியிருப்பார்கள். துரத்தியவர்களில் என் அப்பாவும் இருந்திருப்பார். பயந்த மனிதனுக்கு ஒளிய ஓர் இடம் வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. நாற்பது வருஷம் ஒருவனை மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கினதும் சின்ன விஷயமில்லை. ஆனால் அவர் போய் ஒளிந்தது ஓர் உயிருள்ள பெண்ணுக்குப் பின்னால். அவள் குரலை எடுத்துக்கொண்டார், பிள்ளை பெறும் வயதை எடுத்துக்கொண்டார், விரல் தேய டைப் அடிக்கவும் வைத்தார். அதற்குப் பிறகும் தான் பொய்யே சொல்லாதவன் என்ற நல்ல பெயர் அவருக்கு வேண்டியிருந்தது. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை, முயற்சியும் செய்யவில்லை.

"விட்டுட்டு வந்துடுடி. எங்க வீட்ல ரூம் சும்மாத்தான் கெடக்கு."

"இன்னும் இருக்கு, கேளு," என்றாள். "ரேமி வர்றான்ல. காட்சி முடிஞ்சதும் அவன்கிட்ட சொல்லப்போறாராம். எனக்கு அறுபத்தஞ்சு வயசாச்சு, இனி எதுக்குப் பயப்படணும், ஒரே ஒரு தடவை அவன் முகத்தைப் பாத்துச் சொல்லிட்டாப் போதும்ங்கறார். சொல்லிட்டுக் கண்ணத் தொடச்சுக்கிட்டார். நீ புரிஞ்சுப்பேன்னு எனக்குத் தெரியும் எலியெத்ங்கறார்."

"நீ என்ன சொன்னே?"

"சூப்பு ஆறிப்போவுதுன்னேன்."

எட்டு வாரம் அவள் ஒத்திகைக்கு ஒருநாள்கூடத் தவறாமல் வந்தாள். உச்சரிப்பைத் திருத்தினாள். இளைஞன் வணங்கினால் தலையசைத்தாள், கன்னம் சிவக்கவில்லை. 'என் பிரபுவே' என்று அவன் பாடும் இடத்தில் மட்டும் பதினாலு தடவை திரும்பப் பாடவைத்தாள். இன்னும் தெளிவாக, இன்னும் தெளிவாக என்றாள்.

முதல் காட்சி மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. நான் மேடையிலிருந்து பார்த்தேன். முன்வரிசையில் மூவர். நடுவில் எலியெத், சாம்பல் நிறக் கவுன், கழுத்தில் அம்மாவின் சங்கிலி. இடப்பக்கம் நோர்பேர். வலப்பக்கம் ரேமி. தொப்பை விழுந்து, வழுக்கை விழுந்து, காதில் கேட்புக் கருவியோடு அந்த அழகன் உட்கார்ந்திருந்தான். நோர்பேர் மேடையைப் பார்க்கவே இல்லை. எலியெத்தின் தலைக்கு மேலாக ரேமியையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் அங்கத்தில் பாட்டுக்காரன் கடலைப் பார்த்துக் கதறும்போது ரேமியின் தலை மெதுவாகச் சரிந்து தங்கையின் தோளில் விழுந்தது. தூங்கிவிட்டான். நாங்கள் 'ஏன் அவன் கடக்கவில்லை' என்று அலறியதும் திடுக்கிட்டு விழித்தான்.

கைதட்டல் பத்து நிமிஷம் நின்றபாடில்லை. பிறகு முன்கூடத்தில் விருந்து. நகரசபையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் பெரிய பூங்கொத்தை எலியெத்தின் கையில் கொடுத்து, "இதோ, நமது நல்ல அண்டைவீட்டான்!" என்றார். எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். நோர்பேரை அவள் கையில் முத்தமிடச் சொன்னார்கள், முத்தமிட்டார். நான் வேஷத்தைக்கூடக் கலைக்காமல் ஓடிவந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன். நோர்பேர் ரேமியைக் கண்ணால் தேடிக்கொண்டே நின்றார். கூட்டம் கொஞ்சம் விலகட்டும் என்று காத்திருந்தார். விலகியது. ரேமி ஒரு கையில் கோப்பையோடு வந்தான்.

"நல்லாத்தான் இருந்துச்சு மாப்ள," என்றான். மோன்ரியால் இழுவை அவன் பேச்சில் ஏறியிருந்தது. "கொஞ்சம் நீளம். நடுவுல கண்ணசந்துட்டேன், கோவிச்சுக்காத. ஆனா அந்த ஜன்னலு! அச்சு அசல் என் ரூம் ஜன்னலாட்டமே இருந்துச்சே. அது சரி, அந்தப் பய யாருக்காகய்யா அவ்வளவு அழுவுறான்?"

நோர்பேர் ஓர் அடி முன்னால் வந்தார். முகம் வெளுத்திருந்தது. அவரைப் பார்க்க எனக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது. "ரேமி," என்றார், "நாப்பது வருஷமா உன்கிட்ட..."

"எனக்காகத்தான்," என்றாள் எலியெத்.

பூங்கொத்தை நோர்பேரின் இரண்டு கையிலும் திணித்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீ காலை ஷிஃப்டுக்குப் போனதும் உன் ரூமுக்கு வந்து ஜன்னல்ல நிப்பேன்டா. அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அங்கேருந்து இவர் பாப்பார். இவ்வளவு நாளா உன்கிட்டச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டே இருந்தார், பாவம். அதைத்தான் இப்ப சொல்ல வந்தார். இல்லையா நோர்பேர்?"

நோர்பேர் அவளைப் பார்த்தார், ரேமியைப் பார்த்தார். ரேமிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கோப்பை தளும்பித் தரையெல்லாம் சிந்தியது.

"அடப்பாவி மாப்ள! என் ஜன்னல்ல இவ்வளவு நடந்திருக்கு, எனக்குத் தெரியலையே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே எறங்கிவந்து கதவத் தொறந்து விட்டிருப்பேனேய்யா!" என்று நோர்பேரின் முதுகில் ஓங்கி ஓர் அறை அறைந்தான். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். பூங்கொத்தைப் பிடித்துக்கொண்டு நோர்பேரும் சிரிக்க வேண்டியதாயிற்று. அவர் சிரித்து முடிக்கும்வரை எலியெத் கண்ணை எடுக்காமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.